ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கேட்பது எப்படி? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் பாட்டி வாய்ப்புற்றுநோயில் போய்விட்டார். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து வெற்றிலை போட்டவர். இப்போது அம்மாவும் போடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. நம் ஆட்களுக்கு வரும் இந்த வகைப் புற்றுநோயில் இன்னும் நிறைய ஆராய்ச்சி நடக்க வேண்டும், பணம்தான் இல்லை என்று டாக்டர் சொன்னார். அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்க எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் என்ன செய்ய முடியும்? நாங்கள் கேட்டால் யார் காதில் வாங்கப் போகிறார்கள்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காதில் வாங்குவார்கள் தம்பி. ஆனால் "புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிறையப் பணம் ஒதுக்குங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. மளிகைக் கடைக்குப் போய் "சாமான் கொடுங்கள்" என்று நிற்பது போலத்தான் அது. எந்தப் புற்றுநோய், என்ன வேலை, எந்த அமைச்சு, எந்த ஆண்டு என்று குறிப்பாகக் கேட்டால்தான் எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார்.

நான் பேராக்கில் அரசாங்கப் பல் மருத்துவத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வாய்ப் பரிசோதனைக்காகத் தோட்டம் தோட்டமாகப் போகும் குழுவோடு நானும் போயிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு புற்றுநோயாளிகளுக்கு உதவும் குழு ஒன்றில் சேர்ந்து, சேவை மையத்துக்கும் அமைச்சுக்கும் கடிதம் எழுதுவது என் வேலையாகிவிட்டது. ஒரு காகிதம் எந்த மேசையில் போய்த் தூங்கும், எது நகரும் என்பது ஓரளவுக்குத் தெரியும்.

உங்கள் பாட்டியின் நோயையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம்தான் மற்ற இனத்தவரைவிட அதிகம், அதிலும் பெண்களிடம். மேல்நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும் கொண்டுவருவது. நம் பெண்களில் பலர் சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லை. அவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, சிலருக்குக் கூடவே புகையிலை. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் சொன்னது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று எத்தனையோ பாட்டிகள் என்னிடம் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது.

நம் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1997-இல் வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்து அதிகம் என்று அதில் குறிக்கப்பட்டவர்களில் தோட்டத்து இந்தியர்களும் சபா, சரவாக் பூர்வகுடி மக்களும் அடக்கம். அந்தத் திட்டத்தில்தான் நாங்கள் கோயில் மண்டபத்திலும் ஆயாக் கொட்டகையிலும் நாற்காலி போட்டு, டார்ச் லைட் அடித்துக் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம் என்று பார்த்தோம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப்போன வாய், எல்லாம் வரும். கண்டுபிடித்த பிறகுதான் கஷ்டமான கேள்விகள் தொடங்கும். எந்த வெள்ளைத் திட்டு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும், எது புற்றாக மாறும்? இதை உறுதியாகச் சொல்ல இன்றும் வழி இல்லை. பாக்கை விட வைப்பது எப்படி? பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் மனிதரைப் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியது, ஆகவே உங்கள் அம்மா கேட்காமல் இருப்பதை வெறும் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். சிகரெட்டைக் கைவிட அரசாங்க கிளினிக்கில் உதவி இருக்கிறது. வெற்றிலையைக் கைவிட அந்த அளவுக்கு ஆராய்ந்து தேர்ந்த முறை எதுவும் இல்லை.

இப்போது யோசியுங்கள். வெற்றிலை போடும் தோட்டத்துப் பாட்டிகளை நம்பி எந்த மருந்து கம்பெனி முதல் போடும்? கம்பெனிகளைக் குறை சொல்லவும் முடியாது, வியாபாரம் அப்படி. பணக்கார நாடுகளின் ஆராய்ச்சிப் பணம் அவர்கள் ஊர் நோய்களுக்குப் போகும், அதுவும் நியாயம்தான். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் மரபணுக் கணக்குகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவிலிருந்தே வந்தன. அது சீனப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் நம் பெண்களுக்கும் எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க இங்கேதான் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. ஆக, நம் நோயை நம் அரசாங்கம் கவனிக்காவிட்டால் வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. கடிதத்தில் இந்த ஒரு காரணம் இருந்தால் போதும், கண்ணீர்க் கதை தேவையில்லை.

இங்கே ஆராய்ச்சியே நடப்பதில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். நன்றாகவே நடக்கிறது. சுபாங் ஜெயாவில் கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது, பேராசிரியர் தியோ சூ ஹுவாங் தலைமையில் வளர்ந்தது. மலேசிய நோயாளிகளின் வாய்க் கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஓஆர்எல் என்ற வரிசையில் உயிரணுத் தொகுதிகளை உருவாக்கியவர்கள் அவர்கள். அங்கே பேராசிரியர் சியோங் சொக் சிங் குழு, இங்கிலாந்தின் சவுத்தம்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வாய்ப்புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி வகைச் சிகிச்சை ஒன்றிலும், கைப்பேசியில் வாயைப் படமெடுத்துத் தூரத்து நிபுணருக்கு அனுப்பும் செயலியிலும் வேலை செய்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் வாய்ப்புற்றுநோய்க்கென்றே ஆய்வு மையம் உண்டு. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் நன்கொடையையும் குறுகிய கால மானியத்தையும் நம்பி ஓடும் ஆய்வில், மானியம் முடிந்ததும் பயிற்சி பெற்ற பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வெள்ளைத் திட்டைப் பத்து வருடம் பின்தொடர வேண்டிய ஆய்வை இரண்டு மூன்று வருட மானியத்தில் எப்படிச் செய்வது?

சரி, அரசாங்கப் பணம் எங்கே இருக்கிறது? பலர் நேராகச் சுகாதார அமைச்சை நினைப்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த அமைச்சுக்கு ஏறக்குறைய 45.3 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி சம்பளம், மருந்து, மருத்துவமனை நடத்தும் செலவு. அதில் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு பங்கு, ஷா ஆலமில் செத்தியா ஆலாமில் உள்ள தேசிய சுகாதாரக் கழகங்கள் வழியாகப் போகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குப் பணம் தருவது பெரும்பாலும் உயர்கல்வி அமைச்சு. அறிவியல் தொழில்நுட்ப அமைச்சிடமும் கொஞ்சம் உண்டு. மூன்று சட்டைப்பையில் பணம், எந்தப் பையிலும் "புற்றுநோய் ஆராய்ச்சி" என்று எழுதியிருக்காது. மொத்த நாட்டையும் சேர்த்துப் பார்த்தால், அரசும் தனியாரும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 விழுக்காடு. 2030-க்குள் அதை 3.5 விழுக்காடு ஆக்குவோம் என்பது அரசாங்கமே 2021 முதல் 2030 வரைக்குமான தேசிய அறிவியல் கொள்கையில் எழுதி வைத்த இலக்கு. அவர்கள் கொடுத்த வாக்கை அவர்களுக்கே நினைவூட்டுகிறோம், அவ்வளவுதான். கெஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, பணம் கேட்பதற்கு முன் கணக்குக் கேட்பது. நம் நாடாளுமன்ற உறுப்பினரால் ஒரு கேள்வி கேட்க முடியும்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் சுகாதாரம், உயர்கல்வி, அறிவியல் ஆகிய மூன்று அமைச்சுகளும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு செலவிட்டன? அதில் வாய்ப்புற்றுநோய்க்கு எவ்வளவு?" மக்களவையில் எழுத்துபூர்வமாகக் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் பதிவாகிவிடும், பத்திரிகைக்காரர் எடுக்கலாம், அடுத்த வருடம் நீங்கள் அதையே காட்டிக் கேட்கலாம். பதில் தெளிவில்லாமல் வந்தால் அதுவும் ஒரு செய்திதான். ஒரு கூட்டத் தொடரில் ஓர் உறுப்பினர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அதனால் "ஒய்பி, ஏதாவது கேளுங்கள்" என்று விட்டுவிட்டு வராமல், கேள்வியை மலாய் மொழியில் எழுதி, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி கையில் கொடுங்கள். அவருடைய சேவை மையத்தில் இருக்கும் அதிகாரிக்கு இது பெரிய உதவி. அவருக்கு ஒரு நாளைக்கு வரும் மனுக்களில் பாதி சாலைத் தார், கால்வாய், நல உதவி. மற்ற பாதி கோயில் கூரை.

நம் ஊருக்கு இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர். 2008 முதல் 2018 வரை நம் தொகுதியைப் பிரதிநிதித்தவர் ஒரு மருத்துவர், மைக்கேல் ஜெயக்குமார். யார் இருந்தாலும், எந்தக் கட்சி என்றாலும், கேள்வி அதே கேள்விதான். புற்றுநோய் விஷயத்தில் கட்சிக் கொடியைக் கையில் எடுக்காதீர்கள். அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் உங்கள் கோப்பும் குப்பைக்குப் போகும்.

காலம் முக்கியம். வரவு செலவுத் திட்டத்தை நிதியமைச்சர் அக்டோபரில் தாக்கல் செய்கிறார். 2024-க்கானது 2023 அக்டோபர் 13, 2025-க்கானது 2024 அக்டோபர் 18. தாக்கல் செய்த பிறகு நாம் கடிதம் எழுதுவதில் அர்த்தம் குறைவு. பணம் பிரித்தாகிவிட்டது. அமைச்சுகள் தங்கள் கேட்பைத் தயாரிப்பது வருடத்தின் முற்பாதியில். நிதியமைச்சு பொதுமக்களின் கருத்தை இணையத்தில் கேட்பது அதற்குப் பிறகு, வருட நடுவில். அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதை நம் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமை. அக்டோபருக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது: நாடாளுமன்றத்தில் அமைச்சு அமைச்சாக எடுத்து விவாதிக்கும் கட்டம். அப்போது நம் உறுப்பினர் எழுந்து ஒரு நிமிடம் பேசினாலே போதும். ஆக, சீனப் பெருநாள் முடிந்ததும் ஆளைத் திரட்டி, ஜூனுக்குள் கடிதம் போக வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் சுடும் நேரத்தில் ஞாபகம் வந்தால் அடுத்த வருடம்தான்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மனதில் பட்ட தொகையை எழுதுவார்கள். அமெரிக்காவில் 1991-இல் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1,75,000 கடிதம் திரட்டுவது திட்டம், வந்து சேர்ந்தது 6,00,000. அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இன்னும் எவ்வளவு பணம் வந்தால் உங்களால் வீணாக்காமல் செலவு செய்ய முடியும்?" என்று விசாரித்தார்கள். வந்த பதிலை வைத்து 30 கோடி டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். 21 கோடி டாலர் கிடைத்தது, அதுவும் ராணுவத்தின் பட்ஜெட்டில் இடம் தேடி. அந்தப் பணத்தில் எந்த ஆய்வுக்கு மானியம் தருவது என்று முடிவு செய்யும் குழுக்களில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளும் உட்கார வேண்டும் என்ற வழக்கமும் அதில் பிறந்தது. கடித எண்ணிக்கையைவிட அந்த விசாரணைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாமும் அதைச் செய்யலாம். பல்கலைக்கழக ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல்: "வெற்றிலை போடும் தோட்டத்து மக்களைப் பின்தொடரும் ஆய்வு செய்ய எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், எந்த அமைச்சு?" நோயாளியின் குடும்பம் இப்படிக் கேட்டால் பதில் சொல்லாத ஆய்வாளர் குறைவு. அவர்களுக்கும் ஆதரவு வேண்டும், அரசாங்கத்திடம் தாங்களே தங்களுக்குக் கேட்பதில் கூச்சம் இருக்கிறது.

அமெரிக்காவை விடுங்கள், அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். நம் நாட்டிலேயே ஹெப்பட்டைட்டிஸ் சி கதை இருக்கிறது. அந்தக் கிருமி கல்லீரலைக் கெடுத்துக் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதைக் குணப்படுத்தும் சோபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒருவருக்கு 84,000 டாலர். நோயாளிகளின் குழுக்களும், பினாங்கில் தலைமையகம் உள்ள மூன்றாம் உலக வலையமைப்பு போன்ற அமைப்புகளும் வருடக்கணக்கில் அமைச்சின் கதவைத் தட்டின. 2017-இல் நம் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி அந்த மருந்தை அரசாங்கப் பயன்பாட்டுக்காக மலிவாக வாங்க உரிமம் வெளியிட்டது. அதே சமயம் ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் நம் சுகாதார அமைச்சு பணமும் போட்டு, நம் மருத்துவமனைகளையும் திறந்துவிட்டது. 2021 ஜூனில் அந்த மருந்து மலேசியாவில் பதிவானது. பொதுப் பணம், உள்ளூர் ஆய்வு, நோயாளிகளின் விடாப்பிடி, மூன்றும் சேர்ந்தால் இந்த நாட்டில் என்ன நடக்கும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு வரியில் இதை எழுதுங்கள். அதிகாரிகளுக்குத் தங்கள் அமைச்சு ஜெயித்த கதை பிடிக்கும்.

தோட்டத்துக்கே உரிய கதையும் ஒன்று உண்டு, அதில் எச்சரிக்கையும் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மருந்து அடிக்கும் பெண்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் பாதித்தது. தெனகனித்தா போன்ற அமைப்புகள் அந்தப் பெண்களையே பேச வைத்து, அவர்கள் சொன்னதை ஆய்வாக்கி முன்வைத்தன. 2002-இல் அரசாங்கம் தடை அறிவித்தது. வெற்றி என்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, 2006-இல் தடை தளர்ந்தது. மறுபடியும் போராடி, 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை வந்தது. ஒரு தடவை பட்ஜெட்டில் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல் இருக்க இதை ஞாபகம் வையுங்கள். ஒதுக்கினார்களா என்று ஒரு வருடம், செலவு செய்தார்களா என்று அடுத்த வருடம் கேட்க வேண்டும். பாராகுவாட் நச்சுப் பிரச்சினை, புற்றுநோயோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். ஆனால் தோட்டங்களில் இன்றும் அடிக்கப்படும் கிளைஃபோசேட்டை, "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் சேர்த்தது. வேறு சில கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் முதுகில் தொட்டி சுமந்து மருந்து அடித்த நம் பெண்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் அந்தச் சண்டைக்கே ஒரு வெளிச்சம் கிடைக்கும். இதுவும் நீங்கள் கேட்கக்கூடிய நல்ல ஆராய்ச்சி.

யாரைச் சேர்த்துக்கொள்வது? தனி ஆளாகப் போகாதீர்கள், இந்தியர் மட்டும் போவதும் பலவீனம். நம்மூர்ச் சீனர்களிடம் மூக்கின் பின்பக்கத் தொண்டையில் வரும் புற்றுநோய் அதிகம், அதுவும் மேல்நாட்டார் அதிகம் கவலைப்படாத நோய். மலாய்க் குடும்பங்களில் குடல், மார்பகப் புற்றுநோய் இல்லாத தெரு இருக்கிறதா? உள்ளே போனால் பூர்வகுடிக் கிராமங்கள், அங்கே மருத்துவமனைக்கு வருவதே ஒரு பயணம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை 1,15,238 பேருக்குப் புதிதாக நோய் கண்டது. 2017 முதல் 2021 வரை அது 1,68,822. அதைவிட மோசம், கண்டுபிடிக்கும்போதே மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தவர்கள் 63.7 விழுக்காட்டிலிருந்து 65.1 ஆக ஏறியிருக்கிறார்கள். இத்தனை வருட விழிப்புணர்வு நடையும் பலூனும் பறக்கவிட்ட பிறகு! மக்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதே ஆராய வேண்டிய விஷயம். அதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், தமிழும் மலாயும் தெரிந்த நாலு பேர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். செலவு குறைந்த ஆராய்ச்சி, அதனால் சம்மதம் சொல்வதும் சுலபம்.

தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை, கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மசூதிக் குழு, சீன முதியோர் சங்கம், இவர்களிடம் முத்திரையோடு ஒரு வரி ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். இணையத்தில் ஆயிரம் பெயர் கையெழுத்தைவிட, தொகுதிக்குள் இருக்கும் ஐந்து சங்கத்தின் முத்திரைக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அவை வாக்கு. திருவிழாவுக்கு ஒய்பி வந்து "என்ன வேண்டும்?" என்று மேடையில் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அந்தப் பட்டியலில் கூரைக்குக் கீழே இதையும் ஒரு வரி சேருங்கள். பணத்தைத் திரட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதா மாதம் சம்பளத்திலிருந்து கொடுத்துத் தோட்டங்களையே வாங்கியவர்கள். ஆனால் ஆராய்ச்சிக்கு உண்டியல் குலுக்குவதை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். நாம் ஏற்கெனவே வரி கட்டுகிறோம். கடையில் வாங்கும் சாமானிலும் வரி இருக்கிறது.

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவிடம் கேட்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள். வருடத்துக்கு 10 கோடி வெள்ளி இருக்கிறது என்பார்கள். என் கருத்து, வேண்டாம். அது சமூக, பொருளாதார உதவிக்கான நிதி, வருடத்துக்கு வருடம் திட்டம் மாறும். நீண்ட கால ஆராய்ச்சியை அங்கே வைத்தால், "இந்தியர் விஷயம், இந்தியர் நிதியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அமைச்சுகள் கையைக் கழுவிவிடும்.

இன்னொரு பங்கு நம் கையிலேயே இருக்கிறது. ஆய்வில் சேர அழைத்தால் பயந்து ஓடாதீர்கள். ஆய்வென்றால் பரிசோதனை எலி ஆக்குவது என்ற பேச்சு தோட்டத்தில் நிறைய. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாமா என்று கேளுங்கள். விலகலாம், அது உங்கள் உரிமை. ஒவ்வோர் ஆய்வையும் அங்கீகரிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண மனிதரும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த இடத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் உட்காரக் கூடாதா? நம் ஆட்கள் ஆய்வில் சேராவிட்டால் எண்ணிக்கை போதவில்லை என்று இந்தியர் பகுதியை முடிவில் விட்டுவிடுவார்கள். அப்புறம் பணம் கேட்கவும் நியாயம் இருக்காது.

பத்திரிகை, வானொலியை மறக்க வேண்டாம். மக்கள் ஓசையிலோ மலேசிய நண்பனிலோ வாசகர் கடிதம், மின்னல் எஃப்எம்மில் நேயர் அழைப்பு. ஆனால் அமைச்சில் படிப்பவர்களுக்கு அது எட்ட, அதே விஷயம் மலாய்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் மொழியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம், அமைச்சுக்கு எழுதுவதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள்.

இதற்கிடையில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்துக்கும் பட்ஜெட்டுக்கும் அவர் காத்திருக்கக் கூடாது. வாயில் புண்ணோ திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அவருக்கு 40 வயது தாண்டி, குடும்பம் பி40, அதாவது குறைந்த வருமானப் பிரிவினருக்கான உதவி பெறுவதாக இருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும் அதில் உண்டு. சிகிச்சை உதவி வேறு, ஆராய்ச்சி நிதி வேறு. ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டால், சுலபமானதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், நீங்கள் மலாய்க்கு மாற்றிக்கொள்ளலாம்:

"நாங்கள் சுங்கை சிப்புட் தொகுதி வாக்காளர்கள். எங்கள் குடும்பங்களில் வாய்ப்புற்றுநோயால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து இந்தியர்களுக்கு இந்நோயின் ஆபத்து அதிகம் என்று சுகாதார அமைச்சு 1997-இலிருந்தே கருதி வருகிறது. வெள்ளைத் திட்டு உள்ளவர்களில் யாருக்குப் புற்றாக மாறும், வெற்றிலைப் பழக்கத்தைக் கைவிட எது உதவும் என்ற இரு கேள்விகளுக்குக் குறைந்தது பத்தாண்டு தொடரும் ஆய்வு தேவை. வரும் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனி மானியம் ஒதுக்கும்படி சுகாதார அமைச்சையும் உயர்கல்வி அமைச்சையும் நீங்கள் கேட்க வேண்டுகிறோம். இணைப்பில் மக்களவைக்கான ஒரு கேள்வியும், ஆய்வாளர் தந்த செலவு மதிப்பீடும், ஐந்து சங்கங்களின் ஆதரவுக் கடிதங்களும் உள்ளன. உங்களை நேரில் சந்திக்க ஜூன் மாதத்தில் ஒரு நாள் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பெயர், முகவரி, வாக்களிக்கும் பள்ளி. சேவை மையத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள், இந்த முறை நோயிலிருந்து மீண்டவர் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு.